தண்ணீர் லாரிக்கு அடியில் நமது நிருபர்

பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியர் முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் குழாயடிதான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நகராட்சிச் செய்திகளை எழுதுகிறவர். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டது, எந்த விளக்குக் கம்பம் விளக்கே இல்லாமல் வெறுமனே நின்றுகொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மற்ற நிருபர்கள் மந்திரிகளோடு விமானத்தில் பறந்தபோது இவர் நகராட்சிப் பொறியாளரோடு குந்தி உட்கார்ந்து பாதாளச் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. மந்திரி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிவிடலாம், தண்ணீர் இல்லாமல் ஓட்ட முடியுமா என்பார்.

அவர் எழுதும் செய்தி எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். ‘இதுகுறித்து சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்.’ நடவடிக்கை எடுத்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள். எடுத்ததாக அவருக்கு நினைவில்லை. ஆனால் எழுதி எழுதி அந்த வரி அவர் நாக்கிலேயே குடியேறிவிட்டது. பயம் வந்தால் போதும், வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிடும். பல் பிடுங்கப் போன இடத்தில், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே, நாற்காலியின் கைப்பிடி ஆடுவது குறித்துப் பொதுமக்கள் சார்பில் கோரிக்கை விடுத்திருக்கிறார். மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்று முணுமுணுத்தது வீட்டில் இன்றைக்கும் பேச்சு. நர்ஸ் உள்ளே போய், “வெளிய உங்க வீட்டுக்காரர் ஃபேன் ஓடலைன்னு யாருக்கோ மனு குடுத்துக்கிட்டு இருக்காரும்மா” என்று சொல்ல, அந்த வலியிலும் மனைவி சிரித்துவிட்டாள். சிரித்ததால்தான் பிரசவம் சுலபமாக நடந்தது என்று அவர் அதற்கும் உரிமை கொண்டாடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் போருக்குப் போனார் என்றால் நம்ப மாட்டீர்கள். அவரும் நம்பவில்லை.

அந்தப் பத்திரிகைக்கென்று முறையான போர் நிருபர் ஒருவர் இருந்தார். உடம்பெல்லாம் பை வைத்த சட்டை போட்டுக்கொண்டு, சமாதான காலத்திலும் கேன்டீனுக்குள் குனிந்தே நுழைகிற ஆசாமி. எல்லையில் சண்டை மூண்டு, எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்குச் சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஆசிரியர் குழாயடியைக் கூப்பிட்டார்.

“உங்களுக்கு பிரஷர் இருக்கா?”

“இல்ல சார்.”

“சர்க்கரை?”

“அதுவும் இல்ல சார்.”

“அப்ப நீங்கதான் போறீங்க.”

அலுவலகத்தில் இரண்டும் இல்லாத ஆள் அவர் ஒருவர்தான். தெருத் தெருவாக நடந்ததற்குக் கிடைத்த பரிசு அது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி சத்தம் போடவில்லை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் எதையும் அளந்துதான் பேசுவாள்.

“என் ஜன்னலுக்கு முன்னாடி தினம் க்யூ நிக்குது. அதுல பாதிப் பேர் பட்டாளத்துக்காரங்க பொண்டாட்டிங்க. தலைவலிம்பாங்க, வயித்துவலிம்பாங்க. சீட்டை நீட்டிட்டு கடைசியில குரலைக் குறைச்சு, தூக்க மாத்திரை எழுதியிருக்காருல்லன்னு கேப்பாங்க. நான் அந்தக் க்யூவுல நிக்க மாட்டேங்க. இப்பவே சொல்லிட்டேன்.”

“நான் எங்க முன்னாடி போகப் போறேன்? தலைமையகத்துல ஒரு மேஜை, ஒரு நாற்காலி. அவங்க சொல்றத எழுதி அனுப்புறது. அவ்வளவுதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷம் அவருக்கு இருந்த ஆசையும் அந்த மேஜை நாற்காலி மேல்தான்.

ஆனால் அந்தப் போரில் நிருபர்கள் இஷ்டத்துக்கு உட்காரவும் முடியாது, அலையவும் முடியாது. ஆளுக்கொரு படைப்பிரிவோடு சேர்த்துவிடுவார்கள். பிரிவு போகிற இடத்துக்குப் போக வேண்டும், அது சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், எழுதியதைக் கூடவே வரும் ராணுவ அதிகாரியிடம் காட்டி, அவர் அடித்தது போக மிச்சத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். தலைமையகக் கூடாரத்தில் ஒரு கேப்டன் பிரிவுகளின் பட்டியலை வாசித்தார். காலாட்படை என்றதும் நாலு கைகள் எழுந்தன. பீரங்கிக்கும் டாங்கிக்கும் தள்ளுமுள்ளு. கடைசியாக, “தண்ணீர் விநியோகப் பிரிவு” என்று வாசித்துவிட்டு கேப்டனே கொஞ்சம் கூச்சத்தோடு நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். குழாயடி மட்டும் கையைத் தூக்கினார்.

அவர் கணக்கு அவருக்கு. இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த தண்ணீர் வாரியம் எதுவும் பிரச்சினை நடக்கும் இடத்துக்கு அரை மைல் பக்கத்தில் வந்ததில்லை. குழாய் உடைந்து தெருவே நீச்சல் அடித்தாலும் பொறியாளர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் வருவார். ஆகவே, போரிலேயே பத்திரமான இடம் தண்ணீர்ப் பிரிவுதான் என்று முடிவு கட்டினார். நகராட்சி நிருபர் ஒருவரைத் தவிர வேறு எவரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

ஊரில்தான் தண்ணீர் வாரியம் கடைசியில் வரும். போரில் அது முதலில் போகும். படை குடிக்க வேண்டுமென்றால் ஆற்றில் பம்பு போட வேண்டும், ஆறு ஓடியது எதிரியின் மூக்குக்குக் கீழே. சேர்ந்த மூன்றாம் நாள் குழாயடி ஆற்றங்கரைப் புதரில் உட்கார்ந்திருந்தார். அக்கரையில் ஒருவன் பனியனைப் பிழிந்து கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

“அது யாரு சார், நம்ம ஆளா?” என்று கேப்டனைக் கேட்டார். கூட வந்த அதிகாரி அதே கேப்டன்தான்.

“இல்ல சார். அவங்க ஆளு.”

“இவ்வளவு பக்கத்துலயா?”

“தண்ணி இங்கதானே சார் இருக்கு?”

குழாயடி புதருக்குள் இன்னும் குனிந்தார். பம்புசெட்டின் மூடி சரியில்லாதது குறித்து வாய் தானாகக் கோரிக்கை விடுத்தது.

வீட்டுக்கு எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தார். வாரத்துக்கு ஒரு தடவை ராணுவத் தொலைபேசியில் சில நிமிஷம் பேசலாம். இன்னொரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கேப்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ரகசியம் ஏதாவது வெளியே போகப் பார்த்தால் ஒரு தடவை இருமுவார். மறுபடியும் இருமினால் இணைப்பு போய்விடும். அந்தக் கேப்டனுக்கு எதெல்லாம் ரகசியம் என்கிறீர்கள்?

“அங்க மழையா?” என்று மனைவி கேட்டால் இருமல். வானிலை ரகசியம்.

“சாப்பிட்டீங்களா?” என்றால் பரவாயில்லை. “என்ன சாப்பிட்டீங்க?” என்றால் இருமல். ரொட்டி வருகிறதா, பிஸ்கட்டில் ஓடுகிறதா என்பதை வைத்து எதிரி நிலைமையைக் கணித்துவிடுவானாம்.

“எப்ப வருவீங்க?” என்பதற்கு இரண்டு இருமலும் சேர்ந்தே வந்து இணைப்பு போயே போய்விட்டது.

புருஷன் பெண்டாட்டிக்கு மழை, சாப்பாடு, எப்போது வருவீர்கள் என்பதை விட்டால் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? பத்திரிகைதான் மிச்சம். அதில்தான் வினை வந்தது.

போர்முனையில் இருக்கும் நிருபரின் பெயரை அச்சிடக் கூடாது என்பது ராணுவத்தின் கட்டளை. ஆகவே அவர் செய்தி எல்லாம் ‘நமது போர்முனை நிருபர்’ என்ற தலைப்பில் வந்தது. எழுத்திலாவது அடையாளம் தெரியுமா என்றால் அதற்கும் வழியில்லை. குழாயடி எழுதுவது இப்படி இருக்கும்: ‘ஆற்றங்கரைக்குச் செல்லும் பாதை குண்டும் குழியுமாக உள்ளது. இதனால் வீரர்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்.’ கேப்டன் சிவப்புப் பென்சிலால் ஆற்றங்கரையை அடிப்பார். பாதை இருப்பதும் ரகசியம் என்று அதையும் அடிப்பார். குண்டும் குழியும் அவதியும் மட்டும் அலுவலகம் போய்ச் சேரும். அங்கே உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஆள் கொசுக்கடிக்குக்கூடக் கூச்சல் போடுகிறவர். பேனாவை எடுத்தால் பரம வீரர். அவர் கடைசி வரிக் கோரிக்கையை வெட்டி எறிந்துவிட்டு, ‘காதோரம் சீறிய குண்டுகளைத் துச்சமென மதித்து, நெருப்பு மழையில் நனைந்தபடி இதை எழுதுகிறேன்’ என்று ஒரு போடு போடுவார். கேப்டன் வெட்டியது போக, உதவி ஆசிரியர் ஒட்டியது சேர்ந்து, ஒரு மாவீரன் தினமும் காலையில் வீட்டு வாசலில் வந்து விழுந்தான்.

“என்னங்க, உங்க பேப்பர்ல போர்முனை நிருபர்னு ஒருத்தர் எழுதுறாரே, யாருங்க அது?” என்று கேட்டாள் மனைவி.

குழாயடி ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டார். “அது... புதுசா சேர்ந்தவர். சின்ன வயசு. இன்னும் கல்யாணம் ஆகல.”

“அதான் அவ்வளவு தைரியம். படிச்சா நாமளே அங்க நிக்கிற மாதிரி இருக்கு. மாடி வீட்டுல அண்ணன் தினமும் சத்தமாப் படிக்கிறார். எழுதினா இப்படி எழுதணும்கிறார்.”

மனைவியின் அண்ணன், அதாவது குழாயடியின் மச்சான், மாடிப் பகுதியில் குடியிருப்பவர். இத்தனை வருஷத்தில் குழாயடி எழுதிய ஒரு வரியையும் அவர் படித்ததில்லை. சாக்கடைச் செய்தியைச் சாப்பிடும்போது படிக்க முடியாது என்பார். அந்த மச்சான் இப்போது சத்தமாகப் படிக்கிறாராம்.

“உங்க செய்தி எதுவும் கண்ணுலயே படலையே?” என்றாள் மனைவி.

“தலைமையகச் செய்திக்கெல்லாம் பேர் போட மாட்டாங்க.”

“பரவால்ல. நீங்க பத்திரமா இருந்தா போதும். எல்லாரும் அவர மாதிரி ஆக முடியுமா?”

ரிசீவரைக் கீழே வைத்தபோது கேப்டனின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இருமல் இல்லை, சிரிப்பு.

“சிரிக்காதீங்க சார்.”

“மன்னிச்சுக்குங்க சார். நானும் எங்கம்மாகிட்ட தலைமையகத்துல கணக்கு எழுதறேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

அதற்குப் பிறகு இருவரும் நெருங்கிவிட்டார்கள். ஒரே பொய்யைச் சொல்கிற இரண்டு பேருக்கு நட்பு உண்டாவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

ஆனால் குழாயடியின் வயிற்றெரிச்சல் வாரத்துக்கு வாரம் ஏறியது. போர்முனை நிருபர் எழுதியதை எல்லாம் மனைவி வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாளாம். கதவில் இடமில்லாமல் போய், பள்ளிக்கூடத்தில் மகள் வரைந்து தந்த படத்தைக்கூட ஓரமாக நகர்த்தியாகிவிட்டதாம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அவர் எழுதிய எதையாவது அவள் ஒட்டியதுண்டா? ஒரே ஒரு தடவை, குப்பை வண்டி வரும் கிழமைகளை எழுதியிருந்ததை ஒட்டினாள். அதுவும் குப்பை வண்டிக்காக.

பெண்களுக்கு சக்களத்தி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஆணுக்கு அப்படி ஒன்று இல்லாததால் குழாயடி தன் கஷ்டத்துக்குப் பெயர் வைக்க முடியாமல் தவித்தார். இன்னொருவன் என்றாலாவது அடிக்கப் போகலாம். இவன் பாதி தானும் பாதி அந்தக் கொசுக்கடி உதவி ஆசிரியரும். எங்கே போய் யாரை அடிப்பது?

அடுத்த வாரம் வந்த அழைப்பு எல்லாவற்றுக்கும் சிகரம்.

“சண்டை முடிஞ்சதும் அந்த நிருபரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க. அண்ணன் அவர்கூட ஒரு போட்டோ எடுத்துக்கணுமாம்.”

“அவருக்கெல்லாம் நேரம் இருக்காது.”

“கேட்டுத்தான் பாருங்களேன். உங்களைவிட அவர் பெரிய ஆளுதான், அதுக்காகக் கூப்பிடாம இருக்க முடியுமா?”

ரிசீவரை வைத்துவிட்டுக் குழாயடி வெளியே வந்து ஒரு தண்ணீர்க் கேனின் மேல் உட்கார்ந்தார். தினமும் ஆற்றில் பம்பு போடுகிறவர்களோடு புழுதியில் புரண்டு, பல் தேய்க்கவும் நேரமில்லாமல், குண்டுச் சத்தத்தில் காது பாதி மந்தமாகி, அவளுக்குத் தெரியக் கூடாதே என்று தினமும் பயந்து பயந்து இருக்கிறவர் அவர். பெரிய ஆள் என்ற பெயர் மட்டும் இன்னொருவனுக்கு. அவருக்கு அழுகையே வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் அழவும் செய்தார்.

மறுநாள் மத்தியானம் பம்பில் நிரப்பிய தண்ணீர் லாரி ஒன்றில் அவரும் கேப்டனும் திரும்பிக்கொண்டிருந்தபோது அக்கரையிலிருந்து பீரங்கி அடித்தது. முதல் குண்டு பின்னால் வயலில் விழுந்தது. இரண்டாவது முன்னால். டிரைவர் லாரியை நிறுத்திவிட்டுப் பள்ளத்தில் குதித்தார். குதிக்கத் தெரியாத இருவரும் லாரிக்கு அடியில் புகுந்தார்கள். அடுத்த குண்டின் சிதறல் தொட்டியைத் துளைத்தது. ஓட்டை வழியாகத் தண்ணீர் குடம் குடமாகக் குழாயடியின் பிடரியில் கொட்டத் தொடங்கியது. நகரவும் இடமில்லை. முகத்தைச் சேற்றில் புதைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர் செத்தேன் என்று முடிவு கட்டினார். வாய் மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்தது.

“லாரியிலிருந்து குடிநீர் வீணாக வெளியேறி வருகிறது... இதுகுறித்து சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுமக்கள்...”

“சார், என்ன சார் சொல்றீங்க?” என்று கத்தினார் கேப்டன். அவர் பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

“கோரிக்கை... விடுத்துள்ளனர்...”

தொட்டி காலியாகும் வரை அடித்துவிட்டு, பீரங்கி ஓய்ந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இருவரும் சொட்டச் சொட்ட வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். பிறகு இருவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்து, நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

சட்டை காய்வதற்குள் குழாயடிக்கு அந்த யோசனை வந்துவிட்டது. மாவீரனைத் தொலைத்துக்கட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது? அவன் லாரிக்கு அடியில் படுத்து நடுங்கினான் என்று ஊருக்கே தெரியட்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து அவனே உரிந்து விழட்டும். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு கோபத்தோடு எழுத உட்கார்ந்தார். நமது நிருபர் ஒரு கோழை என்றுதான் ஆரம்பித்தார். கோபத்தில் ஒன்றையும் மறைக்கவில்லை. சேறு மூக்குக்குள் போனது, தண்ணீர் பிடரியில் விழுந்தது, பக்கத்தில் இருந்த அதிகாரியும் நடுங்கியது, நிருபரின் வாய் தண்ணீர் வீணாவது குறித்து முணுமுணுத்தது, வீட்டை நினைத்தது, இனி ஒருநாளும் வீட்டுக்குப் போக முடியாதோ என்று நினைத்தது. எழுதி முடித்தபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பையனைத் திட்டப் போய் அணைத்துக்கொண்டு வந்த அப்பனைப் போல விழித்தார்.

கேப்டன் சிவப்புப் பென்சிலோடு படித்தார். ஒரே இடத்தில் பென்சில் நின்றது.

“அதிகாரியும் நடுங்கினார்னு எழுதியிருக்கீங்க.”

“நடுங்கினீங்களே சார்.”

“நடுங்கினேன். ஆனா அது ராணுவ ரகசியம்.” அந்த வரியை அடித்தார். கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பரால் அழித்துப் பழையபடி ஆக்கினார். “போகட்டும் சார். எதிரிக்கும் தெரியட்டும். அவனும் நடுங்கித்தான் இருப்பான்.”

அலுவலகத்துக்கு அது போய்ச் சேர்ந்தபோது பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். உதவி ஆசிரியருக்குத் தலைப்பு வைக்க மட்டும்தான் அவகாசம் இருந்தது. நெருப்பு மழையும் வரவில்லை, துச்சமென மதித்தலும் வரவில்லை. முணுமுணுப்பு கதைக்கு நடுவில் இருந்ததால் அதை வெட்டவும் நேரமில்லை. குழாயடி எழுதியது எழுதியபடி அச்சில் வந்தது அந்த ஒரு நாள்தான்.

தொலைபேசி நாள் வந்தது. குழாயடி உற்சாகமாக ரிசீவரை எடுத்தார். கேப்டன் மற்றதை எடுத்துக்கொண்டார்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

“பேப்பர் படிச்சியா? பார்த்தியா உங்க வீரரை? லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு, சேத்துல மூஞ்சிய வச்சுக்கிட்டு... இவரோட போட்டோ எடுக்கணுமா உங்கண்ணன்?”

மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தலையை ஆட்டினார், இல்லை.

“கேட்குதா?”

“கேட்குது.” அவள் குரல் அளந்தபடியே வந்தது. “படிச்சதும் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸம்மா ஞாபகம் வந்துச்சு.”

அதை எழுதும்போது குழாயடிக்கு ஏன் தோன்றாமல் போனது? ஊரே படிக்கட்டும் என்று எழுதியவர், அந்த ஊரில் அவளும் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டார். அந்த முணுமுணுப்பை அவளைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

“அந்த நிருபரை நீங்க பார்ப்பீங்கதானே?” என்று கேட்டாள்.

“...பார்ப்பேன்.”

“அவருக்கு ஒரு சேதி சொல்லணும். அவர் பொண்டாட்டி சொல்லச் சொன்னா.”

“அவருக்கு இன்னும் கல்யாணம்...”

“ஆயிடுச்சு. எனக்குத் தெரியும்.”

கேப்டன் தரையைப் பார்த்துக்கொண்டார்.

“அவளும் மருந்து குடுக்கிறவதான். க்யூவுல நிக்கவே மாட்டேன்னு சொன்னவ. முந்தாநாள் எல்லாருக்கும் குடுத்து முடிச்சு, ஜன்னலைச் சாத்தப் போனவ, என்ன தோணுச்சோ, கதவைத் திறந்துக்கிட்டு அந்தப் பக்கம் போய் நின்னா. யாரும் இல்ல. அவ ஒருத்திதான் க்யூ. கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வந்துட்டா. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி, தனக்குத்தானே ஒரு மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டா.”

“தூங்கினாளா?”

“இல்ல.”

குழாயடி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். “அவளுக்கு அவர் மேல கோவமா?”

“கொஞ்சமா நஞ்சமா? வீட்டுக்கு வந்ததும் இருக்கு அவருக்கு. ஆனா வரணுங்க. அதான் சேதி. அவர் பெரிய ஆளா இருக்க வேண்டாம், நல்லா எழுத வேண்டாம். வந்து சேர்ந்தா போதும்.” அதுவரை அளந்து பேசியவளின் குரல் முதல் தடவையாக அளவு தப்பியது. “எப்படி எழுதுவீங்க நீங்க? உடனடி நடவடிக்கை எடுக்கணும்னு பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர். நானும் பாப்பாவும்தான் பொதுமக்கள். போதுமா?”

குழாயடி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதினான்கு வருஷமாக எதற்கும் ஒரு வரி வைத்திருந்த வாய் அது. அன்றைக்கு அதில் ஒன்றுமே இல்லை.

கேப்டன் இருமினார். அடுத்த இருமலில் இணைப்பு போய்விடும் என்று குழாயடி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அடுத்த இருமல் வரவில்லை. முதலில் வந்ததும் எச்சரிக்கை இருமல் இல்லை, பேசுவதற்காகச் செருமியதுதான். இத்தனை வாரத்தில் முதல் தடவையாகக் கேப்டன் ரிசீவரில் பேசினார்.

“அம்மா, நான் அவர்கூட இருக்கிற அதிகாரி பேசறேன். அன்னிக்கு லாரிக்கு அடியில இருந்த இன்னொரு ஆளு நான்தான். சம்பந்தப்பட்ட அதிகாரியும் நான்தான். உங்க கோரிக்கை கிடைச்சுதும்மா.”

ரிசீவரை வைத்துவிட்டு சிவப்புப் பென்சிலை எடுத்தார். நிருபர்கள் பட்டியலில் தண்ணீர் விநியோகப் பிரிவுக்கு எதிரே ஒரு கோடு கிழித்து, தலைமையகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. தலைமையகத்துக்குத் தண்ணீர் ஏற்றிப் போகும் லாரிக்குக் கை காட்டினார். அந்த லாரியின் தொட்டியில் அடைத்த ஓட்டைகள் இன்னும் கசிந்துகொண்டிருந்தன. குழாயடி ஏறி உட்கார்ந்தார். கசிவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோரிக்கை விடுத்த அன்றைக்கே நடவடிக்கை எடுத்ததை அவர் தம் தொழிலில் பார்த்தது அதுதான் முதல் தடவை.